பாலிகன் லேயரின் டேபிளில் மையப்புள்ளி ஆயத்தொலைவு: புள்ளிகள் கட்டம் கட்டமாக விழுகின்றன, சில வெளியே போய்விடுகின்றன

புதுவரை
வணக்கம். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைப் பழக ஆரம்பித்து ஆறு மாதம்தான் ஆகிறது. என்னிடம் நிலத்துண்டுகளின் பாலிகன் லேயர் (ஒவ்வொரு துண்டும் ஒரு மூடிய பல்கோணம்) ஒன்று ஷேப்ஃபைல் என்ற கோப்பு வடிவில் இருக்கிறது. மொத்தம் 1,240 துண்டுகள். ஒவ்வொன்றின் மையப்புள்ளி ஆயத்தொலைவையும் அதே அட்ரிபியூட் டேபிளில் இரண்டு பத்திகளாகச் சேர்த்துத் தர வேண்டும். தனியாகப் புள்ளி லேயர் வேண்டாம், டேபிளிலேயே இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

டூல்பாக்ஸில் எக்ஸ், ஒய் ஃபீல்டு சேர்க்கும் கருவி ஒன்றைப் பார்த்தேன். அதைத் திறந்தால் என் லேயர் பட்டியலிலேயே வரவில்லை. ஜியோமெட்ரி அட்ரிபியூட் சேர்க்கும் கருவியை ஓட்டினேன், பரப்பளவும் சுற்றளவும் மட்டும் வந்தன. கடைசியில் ஃபீல்டு கால்குலேட்டரில் புதுப் பத்தி திறந்து எழுதிவிட்டேன், எண்களும் வந்துவிட்டன. சரிபார்க்கலாம் என்று டேபிளை சிஎஸ்வி ஆக்கி மறுபடி புள்ளிகளாக ஏற்றிப் பார்த்தேன். வரைபடத்தாளில் குத்தி வைத்ததுபோல் எல்லாம் நேர் வரிசையில் நிற்கின்றன! பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் நாலைந்துக்கு ஒரே புள்ளி. எங்கே தவறினேன்?

கோணமானி
எக்ஸ், ஒய் ஃபீல்டு சேர்க்கும் கருவி புள்ளி லேயருக்கு மட்டும்தான், அதனால்தான் உங்கள் லேயர் அதில் தெரியவில்லை. ஜியோமெட்ரி அட்ரிபியூட் கருவியும் பாலிகனுக்குப் பரப்பும் சுற்றளவும்தான் தரும். ஃபீல்டு கால்குலேட்டருக்குப் போனது சரியான வழி.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். லேயரின் சிஆர்எஸ், அதாவது ஆயத்தொலைவு முறை, என்ன? புதுப் பத்தி திறக்கும்போது லெங்த், பிரிசிஷன் என்ற இரண்டு பெட்டிகளில் என்ன எண் இருந்தது?

புதுவரை
சிஆர்எஸ் இபிஎஸ்ஜி 4326. டெசிமல் வகை என்று மட்டும் தேர்ந்தெடுத்தேன். லெங்த் 10, பிரிசிஷன் 3 என்று தானாகவே இருந்தது, நான் தொடவில்லை.

கோணமானி
அங்கேதான் இருக்கிறது. பிரிசிஷன் 3 என்றால் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்தான் சேமிக்கப்படும். மீட்டரில் இருக்கும் லேயருக்கு அது மில்லிமீட்டர், தாராளம். 4326 என்பதால் உங்கள் லேயர் டிகிரியில் இருக்கிறது. அட்சத்தில் ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர். ஆயிரத்தில் ஒரு பங்கு டிகிரி என்றால் சுமார் 111 மீட்டர். ஆகவே உங்கள் மையப்புள்ளி ஒவ்வொன்றும் 111 மீட்டர் இடைவெளியுள்ள கட்டத்தின் மூலைக்கு நகர்ந்து உட்கார்ந்துவிட்டது. தீர்க்கத்தில் இடைவெளி துருவத்தை நோக்கிப் போகப் போகச் சுருங்கும், 60 டிகிரி அட்சத்தில் பாதியாகிவிடும்.

டிகிரிக்கு பிரிசிஷன் 7 வையுங்கள், அது ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியம். ஷேப்ஃபைலில் லெங்த் என்பது மைனஸ் குறி, தசமப்புள்ளி எல்லாம் சேர்த்து. மூன்று இலக்க டிகிரிக்கு 1+3+1+7, மொத்தம் 12. மறுபடி கணக்கிடும்போது பழைய பத்தியில் எழுதாதீர்கள். பத்தியின் அகலம் மாறாது என்பதால் அதே மூன்று இலக்கம்தான் வரும். பழையதை நீக்கிவிட்டுப் புதிதாகத் திறங்கள்.

எக்ஸ்பிரஷன் (கணக்கிடும் வரி) இப்படி, ஆங்கில எழுத்தில் அடியுங்கள். சென்ட்ராய்டு என்பது பரப்பின் எடைமையம்:
எக்ஸ்(சென்ட்ராய்டு($ஜியோமெட்ரி))
ஒய்(சென்ட்ராய்டு($ஜியோமெட்ரி))

புதிய பதிப்புகளில் டாலர் குறிக்குப் பதில் @ஜியோமெட்ரி என்றும் எழுதலாம். டாலர் எக்ஸ் என்ற குறுக்குவழியும் உண்டு, ஆனால் அது புள்ளி லேயருக்கானது, அந்தப் பக்கம் போக வேண்டாம். எக்ஸ் என்றால் தீர்க்கம், ஒய் என்றால் அட்சம். வாயில் அட்சம், தீர்க்கம் என்று சொல்லிப் பழகியதால் பத்திப் பெயரை மாற்றி வைத்துவிடுகிறோம். அப்புறம் புள்ளிகள் வேறொரு கண்டத்தில் போய் விழும்.

புதுவரை
கோணமானி அவர்களுக்கு நன்றி. கட்டம் மறைந்துவிட்டது! ஆனால் இப்போது இன்னொன்று தெரிகிறது. 41 துண்டுகளின் மையப்புள்ளி அந்தத் துண்டுக்கே வெளியே, பக்கத்துத் துண்டில் கிடக்கிறது. முன்பு கட்டத்தில் இது தெரியவில்லை. இதுவும் துல்லியப் பிழையா?

தூக்குக்குண்டு
பிழையே இல்லை. சென்ட்ராய்டு என்பதே அப்படித்தான். இதை அட்டையில் செய்து பார்த்தால் மனத்தில் நின்றுவிடும். புதிதாக வருபவர்கள் எல்லோரையும் முதல் நாளே செய்யச் சொல்வேன்.

தடித்த அட்டையில் எல் வடிவம் ஒன்று வெட்டுங்கள். 4 அங்குலச் சதுரத்தின் மேல் வலது மூலையில் 3க்கு 3 சதுரத்தை வெட்டி எடுத்தால் போதும். ஒரு முனையில் ஊசி குத்தித் தொங்கவிடுங்கள். அதே ஊசியிலிருந்து நூலில் ஒரு குண்டு கட்டித் தொங்கவிட்டு, நூல் போகும் வழியை அட்டையில் கோடாகப் போடுங்கள். இன்னொரு முனையில் ஊசி குத்தி மறுபடி செய்யுங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் மையம். எல் அட்டையில் அந்த இடத்தில் அட்டையே இருக்காது. வெட்டி எடுத்த பகுதியில், காற்றில் வெட்டிக்கொள்ளும். பின்னால் ஒரு தாளை ஒட்டினால்தான் கோட்டை முழுதாகப் போட முடியும்.

கணக்கிலும் பார்த்துவிடலாம். நிற்கும் கை 1க்கு 4, பரப்பு 4, அதன் மையம் (0.5, 2). படுத்த கையில் மிச்சம் 3க்கு 1, பரப்பு 3, மையம் (2.5, 0.5). பரப்பை எடையாக வைத்துச் சராசரி எடுத்தால் எக்ஸ் = (4×0.5 + 3×2.5) ÷ 7 = 1.357. ஒய்யும் அதே 1.357. நிற்கும் கை எக்ஸ் 1 என்ற இடத்தோடு முடிகிறது, படுத்த கை ஒய் 1 என்ற இடத்தோடு முடிகிறது. (1.357, 1.357) இரண்டிலும் இல்லை. உங்கள் 41 துண்டுகளையும் திறந்து பாருங்கள், எல், யூ, வளைந்த வாய்க்கால் ஓரம், இப்படித்தான் இருக்கும்.

அலைவரிசை
தூக்குக்குண்டு சொன்ன எல் வடிவத்தையே எடுத்துக்கொள்கிறேன். மையம் என்ற ஒரே சொல்லுக்கு வேறு வேறு புள்ளிகள் இருப்பதை அதிலேயே காட்ட முடியும்.

ஆறு முனைகளின் சராசரி: (1.667, 1.667). சுற்றிக் கட்டிய செவ்வகத்தின் நடு: (2, 2). உண்மையான சென்ட்ராய்டு: (1.357, 1.357). மூன்றும் வெளியேதான்.

இதில் முனைகளின் சராசரியைத் தயவுசெய்து யாரும் பயன்படுத்தாதீர்கள். சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் பலர் இதைத்தான் சென்ட்ராய்டு என்று நினைத்து எழுதுகிறார்கள். ஆற்றோர நிலத்தை எண்ணிப் பாருங்கள். ஆற்றுப் பக்கம் வளைவு வளைவாக 200 முனைகள், மற்ற மூன்று பக்கமும் சேர்ந்து 4 முனைகள். சராசரி எடுத்தால் புள்ளி ஆற்றங்கரைக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். நேர்கோட்டின் நடுவில் ஒரு முனையைக் கூடுதலாகச் சேர்த்தாலே அந்தச் சராசரி மாறும். உருவம் மாறவே இல்லை, மையம் மட்டும் நகர்கிறது! சென்ட்ராய்டு அப்படி நகராது.

உள்ளே இருக்கும் புள்ளிதான் வேண்டும் என்றால் க்யூஜிஐஎஸ்ஸில் இரண்டு உண்டு. பாயின்ட் ஆன் சர்ஃபேஸ் என்பது பாலிகனுக்குள்தான் விழும் என்று உறுதி தரும். ஏறத்தாழப் பாதி உயரத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டு, அது பாலிகனுக்குள் மிக நீளமாக ஓடும் துண்டின் நடுவை எடுக்கும். நம் எல்லில் அது நிற்கும் கையின் நடுவில் விழும், எக்ஸ் 0.5. இன்னொன்று போல் ஆஃப் இன்அக்ஸசபிலிட்டி. எல்லையிலிருந்து எல்லாப் பக்கமும் அதிகபட்ச தூரத்தில் இருக்கும் இடம், அதாவது உள்ளே அடங்கும் மிகப் பெரிய வட்டத்தின் மையம். எல்லில் அது முழங்கையில் விழுகிறது: (0.586, 0.586), ஆரமும் 0.586. வரைபடத்தில் பெயர் எழுத இதைவிட நல்ல இடம் கிடையாது. மேப்பாக்ஸ் 2016இல் பாலிலேபல் என்று இதைக் கணக்கிடும் நிரலை வெளியிட்ட பிறகுதான் இது பரவலானது.

அதற்கு டாலரன்ஸ் என்று ஒரு எண் தர வேண்டும், அது லேயரின் அலகில் இருக்கும். மீட்டர் லேயருக்கு 1 நல்ல எண். டிகிரி லேயரில் 1 கொடுத்தால் 111 கிலோமீட்டர் பிசகினாலும் பரவாயில்லை என்று அர்த்தமாகிவிடும்.

நாற்கரம்
இவ்வளவு யோசிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. எப்போதும் பாயின்ட் ஆன் சர்ஃபேஸ் போட்டுவிடுங்கள். புள்ளி வெளியே போனால் எல்லோரும் கேள்வி கேட்பார்கள், உள்ளே இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அலைவரிசை
நாற்கரம், இதில் நான் மாறுபடுகிறேன். யாரும் கேட்க மாட்டார்கள் என்பதுதான் என் கவலை. இரண்டு மண்டலங்களுக்கு இடையே தூரம் கணக்கிட, மண்டலத்துக்கு ஒரு மதிப்பு வைத்துக்கொண்டு நடுவில் இடைக்கணிப்பு செய்ய, பரப்பின் எடைமையம்தான் சரி. பாயின்ட் ஆன் சர்ஃபேஸ் என்பது அந்தக் குறுக்குக்கோடு எங்கே பட்டதோ அதைப் பொறுத்தது. பாலிகனைச் சற்றுச் சுழற்றினாலே வேறு கையில் போய் விழும். எல்லையில் ஒரு முனையை அசைத்தால் சென்ட்ராய்டு ஒரு துளி நகரும், இது தாவிவிடும். பகுப்பாய்வில் அந்தத் தாவல் ஏன் வந்தது என்று பின்னால் யாருக்கும் புரியாது.

அதே நேரம், அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒருவர் நிலத்தைத் தேடிப் போகப்போகிறார் என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி. சென்ட்ராய்டு அவரைப் பக்கத்து வீட்டுக்காரர் நிலத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

புதுவரை, இந்தப் பத்தியை வைத்து என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்டீர்களா?

புதுவரை
கேட்கவில்லை. மையப்புள்ளி வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். நாளை கேட்டுச் சொல்கிறேன்.

கிளிஞ்சல்
ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ மென்பொருளில் செய்பவர்களுக்கு: கால்குலேட் ஜியோமெட்ரி அட்ரிபியூட்ஸ் கருவியில் சென்ட்ராய்டு எக்ஸ், ஒய் ஒரு ஜோடி, உள்ளே இருக்கும் புள்ளியின் எக்ஸ், ஒய் இன்னொரு ஜோடி. எந்த சிஆர்எஸ்ஸில் வேண்டும் என்றும் அங்கேயே கொடுக்கலாம். அந்தக் கருவி உங்கள் மூலத் தரவிலேயே எழுதும், அதனால் முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பைத்தானில் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆர்க்பை என்ற அதன் பைத்தான் நூலகத்தில் சென்ட்ராய்டு என்று கேட்டால், உண்மையான மையம் பாலிகனுக்குள் இருந்தால் அதைத் தரும், வெளியே இருந்தால் லேபல் பாயின்ட்டை, அதாவது உள்ளே இருக்கும் ஒரு புள்ளியைத் தரும். எடைமையமே வேண்டும் என்றால் ட்ரூ சென்ட்ராய்டு என்று கேட்க வேண்டும். ஒரே பாலிகனுக்கு ஆர்க்பையில் ஒரு எண்ணும் க்யூஜிஐஎஸ்ஸில் வேறு எண்ணும் வந்து, இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு மதியம் முழுக்க, உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறையான ப்ரொஜெக்‌ஷனைச் சந்தேகப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். ப்ரொஜெக்‌ஷனில் ஒன்றும் இல்லை, எல்லாம் எல் வடிவத் துண்டுகள்.

தூக்குக்குண்டு
ஆர்க்ஜிஐஎஸ்ஸுக்கு முந்தைய ஆர்க்வியூ 3 காலத்தில் இதற்கு [ஷேப்].ரிட்டர்ன்சென்டர்.கெட்எக்ஸ் என்று அவென்யூ மொழியில் ஒரு வரி எழுதுவோம். அந்த வரி இன்னும் கைவிரலில் இருக்கிறது.

கோணமானி
ப்ரொஜெக்‌ஷன் என்றதும் விட்டுப்போன ஒன்று நினைவுக்கு வருகிறது. லேயர் 4326இல் இருக்கும்போது சென்ட்ராய்டு கேட்டால், மென்பொருள் டிகிரியைத் தட்டையான தாளின் எக்ஸ், ஒய் போலவே எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். சிறிய நிலத்துண்டுக்கு வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, புதுவரை இதில் கவலைப்பட வேண்டாம். மாநிலம், நாடு என்று பெரிதாகப் போகும்போது தெரியும், துருவத்தை நெருங்க நெருங்க இன்னும் அதிகமாக. ஜியோபாண்டாஸ் என்ற பைத்தான் நூலகம் இதற்கென்றே எச்சரிக்கை காட்டும், அதைப் பலர் அணைத்து வைத்துவிடுகிறார்கள். அணைக்காதீர்கள்.

பெரிய பாலிகன்களுக்கு நான் செய்வது: அந்தப் பகுதிக்குப் பொருத்தமான, மீட்டரில் இருக்கும் ப்ரொஜெக்‌ஷனுக்கு லேயரை மாற்றி, அங்கே சென்ட்ராய்டு எடுத்து, அந்தப் புள்ளியை மட்டும் டிரான்ஸ்ஃபார்ம் ஃபங்ஷனால் 4326க்குத் திருப்புவது. எல்லாம் ஒரே எக்ஸ்பிரஷனுக்குள் அடங்கும். போஸ்ட்ஜிஐஎஸ் டேட்டாபேஸில் ஜியாக்ரஃபி வகையாக வைத்தால் 2.4 பதிப்பிலிருந்து எஸ்டி சென்ட்ராய்டு கோளவடிவத்திலேயே கணக்கிடும்.

180 டிகிரிக் கோட்டின் இரு பக்கமும் இருக்கும் ஃபிஜி போன்ற இடங்களில் டிகிரிக் கணக்கு முழுவதுமாகக் கவிழ்ந்துவிடும். ஒரு பாதி +179இல், இன்னொரு பாதி −179இல். சராசரி எங்கே வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள், பூமியின் மறுபக்கம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. $ஜியோமெட்ரி தருவது லேயரின் சிஆர்எஸ்ஸில்தான். திரையின் கீழ் ஓரத்தில் ப்ராஜெக்ட் சிஆர்எஸ்ஸை மாற்றினாலும் டேபிளில் வரும் எண் மாறாது.

நாற்கரம்
பத்திப் பெயரில் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். இங்கே பலருக்கும் வரக்கூடியது என்பதால் சொல்கிறேன். ஷேப்ஃபைலில் பத்திப் பெயருக்கு 10 பைட்தான். ஆங்கிலத்தில் அது 10 எழுத்து. தமிழில் யூடிஎஃப்-8 குறியாக்கம் என்றால் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். "மையம்" என்பதை எண்ணினால் ம, ஐகாரக்குறி, ய, ம, புள்ளி, ஆக 5 குறி, 15 பைட். முதல் மூன்று குறிக்கு மேல் இடமில்லை. மையம்_எக்ஸ், மையம்_ஒய் என்று இரண்டு பத்தி வைத்தால் வித்தியாசம் காட்டும் பகுதியே வெட்டுப்பட்டுவிடும், எது எக்ஸ், எது ஒய் என்று தெரியாது. தமிழிலேயே பெயர் வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். அதனால் ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வகைக்கு மாறிவிட்டேன், அதில் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

தூக்குக்குண்டு
நல்ல தகவல் நாற்கரம், இது எனக்குத் தெரியாது.

நான் சொல்ல நினைத்தது வேறு. டேபிளில் எழுதிய ஆயத்தொலைவு எழுதிய அன்றைய நிலைதான். நாளைக்கு யாராவது எல்லையைத் திருத்தினால் உருவம் மாறும், பத்தியில் உள்ள எண் மாறாது. மாறவில்லை என்று சொல்ல எந்தச் சிவப்பு விளக்கும் எரியாது.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் இது நடந்தது. ஆயத்தொலைவு எழுதி மூன்று மாதம் கழித்து பெரிய துண்டுகள் சிலவற்றைப் பிரித்தார்கள். ஒரு துண்டைப் பிரிக்கும்போது புதிதாகப் பிறக்கும் இரண்டுக்கும் பழைய வரிசையின் பத்திகள் அப்படியே நகலாகும். இரண்டு துண்டுக்கும் ஒரே மையப்புள்ளி, அதுவும் இப்போது இரண்டுக்கும் பொதுவான வரப்பின் மேல். அந்தப் பட்டியலோடு களத்துக்குப் போன பையன்கள் வெயிலில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தார்கள். "அண்ணா, ரெண்டு நம்பருக்கும் ஒரே இடம் காட்டுது, எதை அளக்கட்டும்?" என்று. பட்டியலைத் தந்தது நான். அன்றிலிருந்து ஆயத்தொலைவுப் பத்தி எழுதினால் பக்கத்திலேயே எழுதிய தேதிக்கு ஒரு பத்தி, சிஆர்எஸ் குறியீட்டுக்கு ஒரு பத்தி வைக்காமல் கோப்பைக் கையை விட்டு விடுவதில்லை.

அலைவரிசை
அதற்கு வழிகள் உண்டு. க்யூஜிஐஎஸ்ஸில் விர்ச்சுவல் ஃபீல்டாக வைத்தால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடும். ஆனால் அது ப்ராஜெக்ட் கோப்பில்தான் இருக்கும், ஷேப்ஃபைலை மட்டும் அனுப்பினால் பெறுபவருக்கு அந்தப் பத்தியே போகாது. அனுப்பும் முன் லேயரை எக்ஸ்போர்ட் செய்தால் எண்ணாகப் பதிந்துவிடும். இன்னொரு வழி, அட்ரிபியூட் ஃபார்ம் அமைப்பில் அந்தப் பத்தியின் டிஃபால்ட் மதிப்பாக இதே எக்ஸ்பிரஷனைக் கொடுத்து, திருத்தும்போதும் பொருத்து என்ற பெட்டியை டிக் செய்வது. டேட்டாபேஸில் இருந்தால் போஸ்ட்கிரஸ் 12 முதல் ஜெனரேட்டட் காலம் (தானே கணக்கிட்டுக்கொள்ளும் பத்தி) இருக்கிறது, யார் எந்த மென்பொருளில் திருத்தினாலும் எண் கூடவே மாறும். நான் இதைத்தான் விரும்புவேன், மனித ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை.

புதுவரை
கேட்டுவிட்டேன். களப்பணிக்குத்தான். ஆயத்தொலைவைக் கைக்கருவியில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு துண்டுக்கும் போகப்போகிறார்களாம். ஆகவே பாயின்ட் ஆன் சர்ஃபேஸ் போட்டு 1,240க்கும் எழுதிவிட்டேன். சென்ட்ராய்டையும் தனியாக இரண்டு பத்தியில் வைத்திருக்கிறேன். தேதி, சிஆர்எஸ் பத்திகளும் சேர்த்தாகிவிட்டது. பெயர்கள் ஆங்கிலச் சுருக்கத்தில்.

ஒரே ஒரு சந்தேகம். சென்ட்ராய்டுப் பத்தியில் ஒரு துண்டின் புள்ளி மட்டும் பக்கத்துத் துண்டில்கூட இல்லை. வரைபடத்தையே தாண்டி எங்கோ கிடக்கிறது. பார்த்தால் சாதாரண நீள்துண்டுதான், எல் வடிவம் இல்லை.

கோணமானி
அந்தத் துண்டைப் பெரிதாக்கி எல்லையை விரலால் தொடர்ந்து பாருங்கள். நடுவில் எங்காவது கோடு தன்னையே வெட்டி எட்டு என்ற எண்போல முறுக்கிக்கொண்டிருக்கும். அப்படியானால் ஒரு மடலின் பரப்பு கூட்டலாகவும் இன்னொன்றின் பரப்பு கழித்தலாகவும் கணக்கில் ஏறும். ஒரு மடல் பரப்பு 1, எக்ஸ் 0இல். இன்னொன்று கழித்தல் 0.9, எக்ஸ் 10இல். எடைச்சராசரி (1×0 − 0.9×10) ÷ (1 − 0.9) = −90. இரண்டு மடலும் 0க்கும் 10க்கும் பக்கத்தில் இருக்க, மையம் −90இல் போய் நிற்கும். மடல்கள் எவ்வளவு சமமோ அவ்வளவு தூரம் பறக்கும்.

செக் வேலிடிட்டி ஓட்டுங்கள், இதுபோல் வேறு ஏதாவது இருந்தாலும் காட்டிவிடும். பிறகு ஃபிக்ஸ் ஜியோமெட்ரீஸ். அது புதிய லேயராகத்தான் தரும், ஆயத்தொலைவை அந்த லேயரில் மறுபடி கணக்கிட வேண்டும். முறுக்கிய துண்டு இரண்டு பகுதியாகப் பிரிந்து மல்டிபார்ட் ஆகலாம், அதைக் கண்ணால் பார்த்து நீங்களே திருத்துங்கள்.

புதுவரை
முறுக்கேதான். வடகிழக்கு மூலையில் இரண்டு முனைகள் வரிசை மாறியிருந்தன. ஃபிக்ஸ் கருவிக்கு விடாமல் வெர்டெக்ஸ் டூலால் நானே மாற்றிப் போட்டேன். செக் வேலிடிட்டியில் இன்னும் இரண்டு துண்டுகள் வந்தன, அவற்றின் புள்ளி உள்ளேயே விழுந்திருந்ததால் நான் கவனிக்கவே இல்லை. மூன்றையும் திருத்தி, பத்திகளை மறுபடி கணக்கிட்டு, தேதியையும் மாற்றி எழுதிவிட்டேன். இன்று மாலை அனுப்புகிறேன்.

தூக்குக்குண்டு
அனுப்பும் முன் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து வரிசையைத் தேர்ந்தெடுத்து, அந்த எண்ணைத் தேடல் பெட்டியில் நீங்களே அடித்து, திரை அந்தத் துண்டுக்குள் போய் நிற்கிறதா என்று பாருங்கள். கைக்கருவியில் அட்சம் முதலில் கேட்கிறதா தீர்க்கம் முதலில் கேட்கிறதா என்பதையும் பையன்களிடம் சொல்லிவிடுங்கள்.